நடுவில் நின்ற குரல்

…அன்று மழை பெய்ததா என்று எனக்கு நிச்சயமில்லை, ஓஹுஸ் நகரத்து நவம்பரில் எந்த நாளையும் மழைநாள் என்று சொல்லிவிடலாம், பிரேபன் கொடுத்த காப்பி ஆறியிருந்தது என்பதுகூட நான் பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாடகியின் குரல் எங்கே நின்றது என்பதில் மட்டும் என் நினைவு தவறவில்லை. "வாங்க தலைவரே, கடைசியில மனசு வந்துச்சா? இத்தனை வருஷமா எங்க தொண்டையை ஓசியில கேட்டே ஓட்டிட்டீங்க!" என்றான் பிரேபன். இசைத்தட்டு பிளேயர்கள் விற்கும் அந்தக் கடை அவனுடையது. நான் நடத்தும் தேவாலயப் பாடகர் குழுவில் அவன் டெனர், ஆண்களின் மேல்குரல். என் மனைவி டாக்னி அதே குழுவில் ஆல்ட்டோ, பெண்களின் கீழ்க்குரல், பின்னால் சோபாவில் உட்கார்ந்து பின்னலை எடுத்துக்கொண்டு, "இன்னும் என்ன யோசனை அஸ்கர், நல்லதா ஒண்ணு வாங்கிடு. இனிமே உனக்கு நேரம் இருக்கும்ல" என்றாள். நேரமா? யார் சொன்னது? நான் எதையும் விடப்போவதாகச் சொல்லவில்லையே… என் இடது காது மந்தமாகிக்கொண்டு வருவது டாக்னி ஒருத்திக்குத்தான் தெரியும். மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது காரிலேயே சொல்லிவிட்டேன், குழுவுக்குத் தெரியவே கூடாது என்றேன், பாதிக் காதுள்ளவன் கையசைத்து யார் பாடுவார்கள்? "செத்தாலும் சொல்ல மாட்டேன்" என்றாள், என் கையைப் பிடித்தாள்… பிடித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் செய்வதுபோல, கடையில் போட்டுக் கேட்டுப் பார்க்க, வீட்டிலிருந்து சொந்த இசைத்தட்டைக் கொண்டு போயிருந்தேன், ஒரு பெண்ணின் தனிக்குரல் பாடல்கள். வீட்டிலுள்ள பழைய பிளேயரில் கேட்கும்போது, காது கெட்டதிலிருந்து, அவள் வலப்பக்கச் சுவரோரம் போய் நின்றுகொள்வாள், நானும் பழகிவிட்டேன். பிரேபன் கனத்த உலோகத் தட்டுள்ள பிளேயரில் ஊசியை இறக்கினான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரி நடுவில், எனக்கு நேர் எதிரே, அவள் வந்து நின்றாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, விலை உயர்ந்த பொருள் என்றால் இதுதானா, ஒரு காதையே திருப்பித் தருமா… பிறகு மரத்தாலான மற்றொன்றில் போட்டான், ஊசியைத் தாங்கும் கை வேறு, ஊசியும் வேறு, ஒலியில் கொஞ்சம் வெதுவெதுப்பு கூடியது, அவள் அப்போதும் நடுவில். இரண்டுமா? எந்த ஊசியும் செவி நரம்பைச் சரிசெய்யாதே. அப்போதுதான் ஆம்பிளிஃபயரைப் பார்த்தேன். இடது வலது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்த பழைய ஒன்று, 'காது இல்லாதவனுக்குத்தான் அந்தத் திருகு' என்று பிரேபன் எத்தனை பேரைக் கேலி செய்திருக்கிறான், தன் கடையிலேயே அதை வைக்காதவன் இன்று எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டி, இடப்பக்கம், என் கெட்ட காதின் பக்கம், நன்றாகத் திருப்பி வைத்திருந்தான்.

வசந்தத்தில் டெனர்கள் எல்லோரும் என் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறி நின்றார்களே… "ஜன்னல் பக்கம் குளிருது தலைவரே" என்றார்களே, குளிர் எங்கே இருந்தது, ஆப்பிள் மரம் பூத்திருந்தது அப்போது! அன்றிலிருந்தே தெரியுமா, எல்லோருக்குமா, நான் கையை உயர்த்தும்போதெல்லாம் என்னைப் பார்த்தார்களா, என் காதைப் பார்த்தார்களா? திரும்பினேன். டாக்னி குனிந்து பின்னலின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள், முதலிலிருந்து மறுபடியும் எண்ணினாள்.

"எது மனசுக்குப் புடிச்சிருக்கு, தலைவரே?"

"மரத்துல செஞ்சது."

"அப்படிப் போடுங்க! காதுன்னா இது காது" என்றான், சொன்னதும் முகம் சிவந்து ஊசியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, அதுதான் தாங்கவில்லை, திட்டுவதற்கு அங்கே ஒரு எதிரிகூட இல்லை…

மரப் பிளேயரைத்தான் வாங்கினேன். கிறிஸ்துமஸ் கச்சேரிக்குப் பின் குழுவை விட்டேன், யாரும் காரணம் கேட்கவில்லை. இப்போது சில்யெ என்ற இளம்பெண் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாளாம். பிரேபன் கடையை மூடிவிட்டான், இன்னும் டெனர் பாடுகிறான். டாக்னி எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன், முடியும்வரை வெளியே காத்திருந்து அழைத்து வருகிறேன்.