விநாடிக்கு இருபத்தாறு படங்கள்

பஸ் டிரைவர் விநாடிக்குப் பன்னிரண்டு படங்களாகக் குறைந்துபோனார். அதற்கு முன் அவரும் மற்றவர்களைப் போல அறுபதுக்குக் குறையாமல்தான் நடமாடிக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறாவது வயதில், ஒரு புதன்கிழமை காலை பல் துலக்கும்போது, அவர் கை வாயருகே இருந்தது அல்லது குழாயருகே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இல்லை. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிப்போவில் இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள், பஸ் வளைவில் திரும்பி முடித்த பிறகுதான் டிரைவரின் கை ஸ்டியரிங்கைத் திருப்பியது என்று கண்டக்டர் எழுதிக்கொடுத்துவிட்டார். போன வருடம் மாற்றலாகி வந்த மேனேஜர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டுநர் விநாடிக்கு முப்பது படங்களாவது இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் முப்பதைக் காட்டினால் மிச்சமிருக்கும் இரண்டு வருடமும் ஓட்டலாம், இல்லாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வீட்டோடு இருந்து அவருக்குப் பழக்கமில்லை. விடுமுறை நாளில்கூட டிப்போ வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறவர். "பஸ்ஸை விட்டா எனக்கு வேற என்னம்மா தெரியும்?" என்று மருமகளிடம் கேட்டார். அந்தக் கேள்வி முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது.

மருமகள் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். பழைய கார்டையும் புதிய கார்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரே விளையாட்டை ஓட்டி, எது விநாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்று எண்ணி எழுதுவது அவள் வேலை. கூடத்தில் கழித்துப்போட்ட ஒன்பது வருடப் பழைய கார்டு ஒன்று அவள் கைப்பையில் கிடந்தது. ஒரு மாலை மாமனார் அந்தப் பையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, படிகளில் அவர் வழக்கத்தைவிடச் சீராக ஏறுவதை அவள் பார்த்தாள். பையை வாங்கினாள், பழையபடி விட்டு விட்டு ஏறினார். கொடுத்தாள், சீரானார். கார்டின் விசிறி பைக்குள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மாதாந்தர பில்லில் அது வரவில்லை.

படங்களை எண்ணும் கேமரா ஒன்றை வைத்து, அவள் கூடத்து வழக்கப்படியே அளந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து, தண்ணீர் பாட்டிலை எடுத்து, மாடிக்கு ஏறி இறங்க வேண்டும். நாற்காலியும் பாட்டிலும் போன மாதம் வாங்கியவை. மூன்று முறை ஓட்டம். கார்டு சூடேறாத முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மற்ற இரண்டின் சராசரி. குறுக்கே யாரும் வரக்கூடாது என்று மாமியாரையும் கணவனையும் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பழைய கார்டு இருபத்தாறு காட்டியது. நான்கு குறைந்தது. மறுநாள் கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த கார்டைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். செங்கல் கனம், மூன்று விசிறிகள். தோள்பையில் வைத்து மாட்டியதும் மாமனார் நூற்று நாற்பத்தொன்றுக்குத் தாவினார். தண்ணீர் குடிக்கையில் தொண்டைக்குழி ஏறி இறங்குவது தனியாகத் தெரிந்தது. சட்டை மடிப்புக்குள் இருந்த நிழலுக்குக்கூட ஓரம் இருந்தது. நோட்டில் எண்ணை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வெளியே வந்த மாமியாரைத் தாண்டி அவர் போய்விட்டார். மகன் "அப்பா" என்றான். அதற்கும் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் படுத்த கட்டில் இருந்த மூலையைப் பார்த்து, இங்கே ஒரு கட்டில் போட்டால் நன்றாக இருக்கும் என்றார். பிறகு மருமகளிடம் கேட்டார்: "வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புதிய கார்டில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய எதுவும் ஓடாது. கம்பெனி அந்த வசதியை எடுத்துவிட்டது. பழைய கார்டு எவ்வளவு பழையதையும் ஏற்கும். இது அவளே போன வாரம் படித்த குறிப்பு. ஆனால் கூடத்தில் எப்போதும் புதிய விளையாட்டுகளை மட்டுமே ஓட்டிப் பழகியதால், வீட்டிலும் புதிய நாற்காலியையும் புதிய பாட்டிலையும் வைத்தே அளந்திருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். மாமியார் வந்து முப்பத்தொன்று.

"முப்பத்தொரு வருஷம் ஆக்கிப்போட்டது நானு. கண்ணுக்குத் தெரியறது நீயா?" என்றாள் மாமியார்.

"அத்தை, அது கார்டோட குணம். நான் என்ன பண்ணட்டும்?"

"உன்னை ஒண்ணும் சொல்லலடி. பகல்ல என்னைப் பார்த்து அவர் என்ன கிழிக்கப்போறாரு? வேலைக்குப் போறப்ப அதை மாட்டு. வீட்டுக்கு வந்ததும் கழட்டிடு. அந்த மனுஷன் வீட்டோட கெடந்தா செத்துருவாரு."

மாமியார் சொன்னபடியே, மாதக் கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு, புதிய கார்டோடு மாமனாரை அவள் டிப்போவுக்கு அழைத்துப்போனாள். பழையதும் கைப்பையில் இருந்தது. மேனேஜர் கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, அவரை நடக்கச் சொன்னார். நூற்று நாற்பத்து மூன்று வந்தது. மேனேஜர் இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப வண்டிய எடுங்க" என்றார். டிரைவர் பதினேழு பஸ்கள் நின்ற முற்றத்தின் நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தார். "எடுக்கறேன் சார். வண்டி எங்க?" என்றார். அந்த டிப்போவில் இருந்த பஸ்களில் இளையதற்குப் பதினான்கு வயது.

மருமகள் புதியதைக் கழற்றிப் பழையதை அவர் சட்டைப் பையில் சொருகினாள். அவர் முகம் இரண்டு மூன்று படங்களில் தெளிந்தது. நேராகத் தன் பஸ்ஸிடம் போய் முகப்பைத் தட்டினார், ஏறினார், முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து கோட்டின் மேலேயே நிறுத்தினார். கேமரா இருபத்தாறு என்றது.

"நாலு கம்மி. நான் என்னம்மா செய்ய முடியும்? விதி முப்பது" என்றார் மேனேஜர்.

அவள் கேமராவைத் திருப்பி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த அவர் பஸ்ஸை அளந்தாள். பத்தொன்பது. விசிலை வாயில் வைத்திருந்த கண்டக்டரை அளந்தாள். முப்பத்தொன்று, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பிறகு, கேட்காமலேயே, மேனேஜரை அளந்தாள். எண்ணைப் பார்த்து ஒருமுறை சரிபார்த்தாள்.

"எவ்வளவு?" என்றார் மேனேஜர்.

"சத்தமா சொல்லட்டுமா சார்?"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். இருபத்து நான்கு. முற்றத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, படிவத்தைத் தொடை மேல் வைத்துக் கையெழுத்திட்டார். அந்தக் கை தாளுக்கு வந்து சேர்ந்தது எப்போது என்பதை யாரும் பார்க்கவில்லை.

புதிய கார்டு கூடத்துக்குத் திரும்பியது. ஒப்பீட்டு அறிக்கையில் மருமகள் எண்களை முறைப்படி எழுதி, புதியது ஐந்து மடங்குக்கு மேல் வேகம் என்று ஒப்புக்கொண்டு, கீழே ஒரு வரி சேர்த்தாள்: பழைய பஸ்ஸும் பழைய மனைவியும் உள்ளவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம். தலைமைச் சோதகர் அதில் ஒரு கால்புள்ளியை மட்டும் திருத்தினார்.

டிரைவர் பழைய கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடமும் சந்தைத் தெரு வழித்தடத்தில் ஓட்டினார். அங்கே எந்த வண்டியும் நடையைவிட வேகமாகப் போக முடியாது. பஸ் நிறுத்தத்துக்கு வருவதைப் பயணிகள் பார்த்ததில்லை. தெருமுனையில் இருக்கும், அடுத்து எதிரில் இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் காலை வைத்து ஏற அவர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்குப் பத்து நாள் ஆனது.