கேட்டுவிட்டுத் தொடவும்

"அனுமதி கேட்காமல் யாரையும், யார் கட்டியிருக்கும் புடவையையும் தொடக்கூடாது. மீறுபவர் அன்றைக்கு மண்டபத்தில் இருக்கக்கூடாது."

எங்கள் பட்டு உற்பத்தியாளர் மாநாட்டின் நடத்தை விதிகளில் இதைச் சேர்த்தது நான்தான். மண்டப வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டியதும் நான்தான். படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆரணியில் பட்டு வியாபாரிகளுக்குக் கை சும்மா இருக்காது. எதிரே பட்டுக் கட்டிய பெண் வந்தால், முகத்தைப் பார்க்கும் முன்பே முந்தானையை இரண்டு விரலால் தேய்த்து ஜரிகை பார்த்துவிடுவார்கள். தொழில் பழக்கமாம்! அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் நாள் டீ நேரத்தில் எழிலரசி என்னிடம் வந்தாள். செய்யாறுப் பக்கத்துப் பெண், புடவை டிசைனர். வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். மேடை ஏறிப் பேசுவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. சாப்பாட்டுக்குப் பிறகு பேச வேண்டியவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் கெளம்பறேங்க. ஒருத்தர் பின்னால வந்து என் முந்தானைய இழுத்துப் பாத்துகினு இருந்தாரு. விடுங்கன்னேன். 'இரும்மா, ஜரிகைதான பாக்கறேன்'னாரு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. ஒடம்பெல்லாம் கூசுது."

"யாருங்க?"

கையை நீட்டிக் காட்டினாள். அடக் கடவுளே! சங்கத் தலைவர் பரசுராமன். என் மாமனார்.

கேட்டால் வீட்டில் ரகளை. கேட்காவிட்டால் இவள் பஸ் ஏறிவிடுவாள், அப்புறம் இவளைப் போல ஒருத்தியும் இந்த வாசலை மிதிக்கமாட்டாள்.

"கொஞ்சம் இருங்க, போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு நேரே அவரிடம் போனேன்.

"மாமா, அந்தப் பொண்ணு விடுங்கன்னு சொல்லியும் நீங்க விடலையாமே?"

"இன்னாம்மா பேஜாரு இது? தப்பாவா தொட்டேன்? காலம்பூரா இப்படித்தான பாத்துகினு இருக்கேன்!"

"கடையில மாட்டி வெச்ச பொம்மையா மாமா அவங்க? விடுங்கன்னா விடவேணாமா? இன்னிக்கு நீங்க வெளிய போவணும்."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிரித்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மாமனார் முகம் சிவந்தது. வாசலில் ஒட்டியிருந்த விதியையும், அதன் கீழே தலைவராகத் தான் போட்டிருந்த கையெழுத்தையும் பார்த்தார். பிறகு எழிலரசியிடமிருந்து எட்ட நின்று, எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"தப்பு என்னுதும்மா. நீ சொன்ன ஒடனே வுட்டிருக்கணும். நீ இருந்து பேசு, நான் போறேன்."

பேட்ஜைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்பாடா! எழிலரசி பையை நாற்காலியில் வைத்தாள். ஆரம்பத்தில் குரல் தடுமாறினாலும், நன்றாகவே பேசினாள்.

மறுநாள் மாமனார் வந்தார். எழிலரசி அன்று தானே வரைந்த கரை போட்ட பட்டு கட்டியிருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். எனக்குப் பகீரென்றது. அவரோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கரை ரொம்ப நல்லா கீதும்மா. தொட்டுப் பாக்கலாமா?"

"வேணாங்க."

"சரிம்மா" என்று நகர்ந்தார். கட்டிய கையை அவர் அவிழ்க்கவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எழிலரசி என் பக்கம் திரும்பினாள்.

"சாயந்திரம் வரைக்கும் இருக்கேங்க" என்றாள்.