ஒரே லாரியில் இரண்டு வீடு

மாதேஸ்வரி போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் லைன் லீடர். நாற்பது பெண்கள் உட்கார்ந்து தைக்கும் வரிசையில் வேலை எங்கே தேங்குகிறது, யாரை எங்கே மாற்றி உட்காரவைத்தால் ஓடும் என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஓசூரில் புதிதாகத் திறந்த யூனிட்டுக்கு ஜூன் முதல் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். வீடு மாற்றுவதையும் அவள் கம்பெனி வேலை மாதிரியே செய்தாள். அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினாள். எதில் என்ன இருக்கிறது என்பதை மகள் ஹரிணியின் பழைய நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"பதினேழாம் நம்பர்ல என்னா இருக்குது?" என்று கணவன் ராஜசேகர் வம்புக்குக் கேட்டான்.

"உங்க பழைய பேண்ட்டுங்க. அத மட்டும் லாரியில ஏத்தறதா வேணாமான்னு யோசிச்சிட்டு இருக்கறேன்."

ராஜசேகருக்கு வேலையே ஓசூரில்தான். ஆறு வருடமாக விடிவதற்கு முன்பே எழுந்து கம்பெனி பஸ் பிடித்தவன். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் வீடு அமைந்ததில் அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம்.

அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது அப்துல் சலாமும் அவர் மனைவி பேகமும் அங்கே குடியிருந்தார்கள். பேகம் கழுத்தில் தொங்கும் டேப்போடு வந்து கதவைத் திறந்தாள். சமையலறை அலமாரி வரை திறந்து காட்டி, டீ கொடுத்து அனுப்பினாள். கம்பெனி யூனிபார்ம் தைக்கும் கடை ஒன்றைப் போச்சம்பள்ளியில் திறக்கப் போவதாகவும், மே கடைசியில் காலி செய்வதாகவும் சொன்னாள். "நாங்க அங்க இருந்து இங்க, நீங்க இங்க இருந்து அங்க!" என்று மாதேஸ்வரி சொல்ல, இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையே வரலாமா என்று கேட்க, வியாழக்கிழமை மாதேஸ்வரி போன் செய்தாள். பேகத்தின் குரலில் சுரத்தே இல்லை.

"சனிக்கிழமை முடியுமான்னு தெரியலம்மா. நாங்க பேசி வச்சிருந்த வீடு நேத்து இல்லன்னு ஆயிடுச்சு. கடை தெறக்கற தேதிய ஊரெல்லாம் சொல்லியாச்சு. அவரு காலையில இருந்து அங்கதான் வேற வீடு தேடி சுத்திட்டு இருக்கறாரு."

"ஏங்க்கா, என்னா ஆச்சு?"

"மொதல்ல சரின்னாங்க. அப்பறம் பேரக் கேட்டாங்க. கேட்டப்பறம், சொந்தக்காரங்க யாரோ குடி வர்றாங்கன்னுட்டாங்க." பேகம் சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை.

மாதேஸ்வரிக்குக் கோபம் வந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. "அக்கா, நாங்க காலி பண்ற வீடு இருக்குதே! நான் வீட்டுக்காரம்மாகிட்ட பேசறேன். நீங்க நாளைக்குப் பொறப்பட்டு வாங்க."

வீட்டுக்காரம்மா சரோஜம்மாள் கீழ்வீட்டில் இருந்தார். மாதேஸ்வரி காலி செய்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

"போறவளுக்கு என்னாத்துக்கு அடுத்து வர்றவங்களப் பத்தின கவல? பழக்கம் இல்லாத ஆளுங்க. எனக்கு ஒத்துவராது."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி நானும் பழக்கம் இல்லாதவதான். அன்னிக்கு என்னா கேட்டீங்க? மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துவியான்னு ஒன்னே ஒன்னுதான கேட்டீங்க. அதையே அவங்களையும் கேளுங்க. புடிக்கலன்னா வேணாம்னுடுங்க."

சரோஜம்மாள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை.

மறுநாள் சலாமும் பேகமும் மகள் ஹீனாவோடு வந்து இறங்கினார்கள். வாசலில் சரோஜம்மாள் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த வீடு கேக்கறவங்க வந்துட்டாங்க. ரெண்டு வார்த்த பேசி அனுப்பிட்டு வர்றேன்" என்று தங்கையிடம் தெலுங்கில் சொன்னார்.

பேகம் செருப்பைக் கழற்றியபடியே, நல்ல தெலுங்கில், "ரெண்டு வார்த்தையே போதும்மா. எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாயிடும்" என்றாள்.

சரோஜம்மாள் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது. மாதேஸ்வரிக்குப் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதிக்கே சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏ ஊரம்மா நீதி?" என்று சரோஜம்மாள் மெல்ல ஊரைக் கேட்டார்.

வேப்பனப்பள்ளி என்றாள் பேகம். அவள் அத்தா அந்தப் பக்கத்து மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தவர். சரோஜம்மாள் பிறந்ததும் அங்கிருந்து நாலு மைலில் ஒரு கிராமம். அதற்குப் பிறகு நடந்த அரைமணி நேரப் பேச்சு முழுக்கத் தெலுங்கில்தான். நடுவில் எந்தத் தோப்புக் காய் இனிப்பு என்று சண்டைகூட வந்தது. சலாம் நின்று நின்று கால் வலித்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் சரோஜம்மாள் தமிழுக்கு வந்தார். "மோட்டார் போட்டா மறக்காம நிறுத்துவியா?"

"நிறுத்திடுவேன். ஆனா ஒன்னு இப்பவே சொல்லிடறேன். வீட்டுலயும் தைப்பேன். மிஷின் சத்தம் கீழ கேக்கும்."

"கேக்கட்டும். ரெண்டு வாரமா இவ டேப்பு ஒட்டற சத்தத்தக் கேட்டுட்டுதான இருக்கறேன்."

மாதேஸ்வரி உடனே நோட்டைத் திறந்தாள். சலாம் பேசி வைத்திருந்த லாரி சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் ஓசூர் திரும்பும். அதிலேயே தன் சாமான் போகட்டும் என்றாள். பீரோதான் சிக்கல். அது மேலே வந்த பிறகு படிக்கட்டுக்குக் கிரில் போட்டிருந்தார்கள்; இனி இறங்காது.

"எங்க பீரோவும் அதே அளவுதான். அது அங்கயே இருக்கட்டும், இது இங்கயே இருக்கட்டும்" என்றாள் பேகம். கட்டிலுக்கும் அதே ஏற்பாடு. மாதேஸ்வரி பட்டியலில் இரண்டு வரிகளைச் சந்தோஷமாக அடித்தாள்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. அதற்கு முன்பே மாதேஸ்வரியின் லைனில் வேலை செய்யும் பெண்கள் பத்துப் பேர், கூப்பிடாமலே, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மாடியிலிருந்து வாசல் வரை வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மாதேஸ்வரியின் சாமான்களை இறக்கினார்கள். பிறகு அதே வரிசையில் பேகத்தின் சாமான்கள் மாடிக்கு ஏறின. தையல் மிஷின் மேலே போனபோது எல்லோரும் கை தட்டினார்கள். பதினொன்றரைக்கெல்லாம் வாசலில் கிடந்ததை லாரியில் ஏற்றி வேலையும் முடிந்துவிட்டது. அதற்குள் பேகத்திடம் மூன்று ஜாக்கெட் தைக்கச் சொல்லியாகிவிட்டது.

கிளம்பும்போது சரோஜம்மாள் ஹரிணியை இழுத்து அணைத்துக்கொண்டார். மாதேஸ்வரியிடம் மட்டும், "ஓசூர்ல குளிரும். புள்ளைக்கு ஸ்வெட்டர் வாங்கு" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மாதேஸ்வரி லாரிக்குப் பின்னால் பைக்கில் போகும்போது வெகுதூரம் வரை ராஜசேகரின் முதுகில் முகத்தை வைத்தபடியே வந்தாள்.

ஜூஜுவாடியில் பால் காய்ச்சப் பாத்திரம் தேடி ஒன்பதாம் நம்பர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே முழுக்க நூல்கண்டும் பித்தானும். பேகமும் தன் பெட்டிகளில் நம்பர்தான் எழுதியிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, உங்க பட்டன் எல்லாம் இங்க இருக்குது!" என்று மாதேஸ்வரி போன் போட்டுச் சொன்னாள்.

"உன் குக்கரு இங்க இருக்குது. நான் அதுலதான் சோறு வச்சிருக்கறேன். ஞாயித்துக்கெழம வந்து பிரியாணியும் சாப்ட்டுட்டு எடுத்துட்டுப் போ."

வீட்டுக்காரர் வீட்டில் பாத்திரம் வாங்கிப் பால் காய்ச்சினார்கள். போன் அதற்குள் பிள்ளைகள் கைக்குப் போயிருந்தது. குளியலறைக் குழாயை இடது பக்கம் திருப்பினால்தான் தண்ணீர் வரும் என்று ஹீனா சொல்ல, போச்சம்பள்ளி வீட்டு ஜன்னலுக்கு எந்த நேரத்தில் மைனா வரும் என்று ஹரிணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போதும் குடுடி, பெட்டியப் பத்திப் பேசணும்" என்று மாதேஸ்வரி கை நீட்டினாள்.

"இரும்மா. இன்னும் மொட்டமாடியே சொல்லல" என்றாள் ஹரிணி, பால் டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தபடி.