கோல்டர் ஏரியின் குழாய்

கோல்டர் ஏரித் தீயணைப்புக் கூடத்துக்கு நாற்பத்து மூன்று என்று எண் போட்ட நாளிலிருந்தே அதன் கேப்டன் கார்னெட் க்ரௌஸுக்கு வயிற்றெரிச்சல். நான்கு நகராட்சிகளைச் சேர்த்துக் கட்டிப் பிராந்தியம் என்று பெயர் வைத்தார்கள். நகரத்துச் சம்பளப் படையும் நாட்டுப்புறத்துத் தன்னார்வக் கூடங்களும் ஒரே படையாயின. எண் ஒன்று நகரத்தின் நடுவில். அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்து, அலுத்துப்போன இடத்தில் கோல்டர் ஏரியை வைத்தார்கள். அதற்கு அப்பால் காடுதான்.

அந்தக் கூடத்தை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் ஆண்டு ஒரே மதியத்தில் பள்ளிக்கூடமும் மூன்று வீடுகளும் சாம்பலான பிறகு, ஊர்க்காரர்களே மரம் அறுத்துக் கட்டிக்கொண்டது. முதல் வண்டி வாங்குவதற்காகப் பெண்கள் நான்கு வருடம் சனிக்கிழமை தவறாமல் பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் சமைத்து விருந்து போட்டார்கள். பிராந்தியப் படை தன் வரலாறு என்று ஒரு பளபளப்பான புத்தகம் அச்சிட்டபோது இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டது: 'பல்வேறு சமூகக் குழுக்களும் இணைந்தன.' கார்னெட் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கூடத்துக் கழிப்பறையில் ஒட்டினான். முப்பத்தோரு வருடம் சம்பளமில்லாமல் தீயில் நின்றவனுக்கு அந்த அளவு உரிமைகூடவா கிடையாது?

ஊரில் தெருக்குழாய்த் தண்ணீர் இல்லை. தீ பிடித்தால் ஏரிதான் கதி. ஏரியோ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனிக்கட்டிக்குக் கீழே. அதற்காகத்தான் கரையில் ஒரு குழாய் நட்டிருந்தார்கள். அதன் வாய் பனிக்கட்டி எட்டாத ஆழத்தில் இருக்கும், தலை கரைமேல் நிற்கும். வண்டியைக் கொண்டுவந்து மாட்டினால் எந்தக் குளிரிலும் தண்ணீர் உறிஞ்சலாம். ஒரே ஒரு சங்கடம், இலையும் சேறும் கீழ்வாயில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் நவம்பர் முதல் சனிக்கிழமை ஊரே கரைக்கு வரும். வண்டித் தொட்டியின் தண்ணீரைக் குழாய்க்குள் எதிர்ப்பக்கமாகத் தள்ளுவார்கள். நடு ஏரியில் கறுப்பாகக் குபுகுபுவென்று கொப்பளித்து, பிறகு தெளியும். தெளிந்ததும் கைதட்டிவிட்டுக் கலைவார்கள். நாற்பது வருடமாக நடந்தது இது.

பிராந்தியம் வந்த ஐந்தாம் ஆண்டு கடிதம் வந்தது. நீர் ஆதாரங்களின் பராமரிப்பு இனித் தலைமையகத்தின் பராமரிப்புப் பிரிவுக்கு உரியது, நிலைய உறுப்பினர்கள் அவற்றைத் தொடக் கூடாது. கார்னெட் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வழக்கம்போலக் கரைக்குப் போனான். டிசம்பரில் அவன் பெயருக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை வந்தது. கோட்டத் தலைவர் கெவின் பர்செல் கையெழுத்திட்டிருந்தார். முப்பது சொச்சம் வயது. கார்னெட் முதல் தீயை அணைத்தபோது தொட்டிலில் கிடந்திருப்பார்.

அடுத்த நவம்பரில் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஓர் ஆள் வந்தான். காரை விட்டு இறங்கினான், குழாயின் தலைக்குச் சிவப்புச் சாயம் பூசினான், ஏதோ ஒரு தாளில் குறித்துக்கொண்டு போய்விட்டான். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கார்னெட்டுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

அந்தச் சனிக்கிழமை காலை ஐனா ஹிமெல்மன் கூடத்துக்கு வந்து வண்டியைக் கிளப்பினாள். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இருபது வருடமாகக் கூடத்து வண்டியை ஓட்டுவதும் பம்ப்பை இயக்குவதும் அவள்தான். கார்னெட் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயா? இன்னிக்கு என்ன நாளுன்னு மறந்துபோச்சா? குழாயை ஊதணும்ல."

"வேணாம். எஞ்சினை நிறுத்து."

"வெளையாடாத கார்னெட். இந்த வருஷம் எலை எக்கச்சக்கமா விழுந்திருக்கு. உள்ள பொணமாட்டம் அடைச்சுக் கெடக்கும்."

"அடைக்கட்டுமே. சாயம் பூசினாங்கல்ல? அதுல தண்ணி வரட்டும். எல்லாம் தெரிஞ்ச தொரைங்க. ஒரு தடவ மூக்கு ஒடைஞ்சாதான் புத்தி வரும்."

"யாரு மூக்கு? பர்செலா இங்க குடியிருக்கான்? ஒனக்கு எச்சரிக்கைக் கடிதம்னா பயம், அவ்ளோதான்."

"எனக்கா பயம்? நான் கேப்டன். கேப்டனாச் சொல்றேன், எறங்கு."

 ஐனாவின் கை சாவியில்தான் இருந்தது. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். "ரெண்டு ஆம்பளைங்க வீம்பு. நடுவுல ஏரி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். தீ வேலையில் கேப்டன் சொன்னால் கேட்பது என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம். கேட்காதவர்கள் கூரை விழுந்து செத்த கதைகள் அவளுக்குத் தெரியும்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, மதியம் ஒன்றே கால். எல்லார் இடுப்பிலும் பேஜர் அலறியது. புகைபோக்கியில் தீ, வீட்டு எண் 318, ஏரிக்கரைச் சாலை. அது ஐனாவின் வீடு.

அவள் கணவர் ராய் அப்போது வீட்டில் இருந்தார். ஐனா கூடத்துக்கு ஓடிவந்தாள். "ராய் வெளிய வந்துட்டாராம், நாயும் வந்துடுச்சாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். நான் ஓட்டுகிறேன் என்று கார்னெட் சொன்னது அவள் காதில் விழவில்லை. ஆறே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நகரத்துப் படைகூட அவ்வளவு வேகமாகப் போகாது. தீ அப்போது புகைபோக்கியைச் சுற்றியும் மாடி அறையின் ஒரு மூலையிலும்தான். தண்ணீர் இருந்தால் இருபது நிமிட வேலை. கார்னெட் இரண்டு பேரோடு வண்டியின் நீளக் குழாயைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினான். வண்டித் தொட்டித் தண்ணீர் நான்கு நிமிடம் தாங்கும். அதற்குள் ஐனா ஏரித் தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும்.

ஐனா கரையில் நின்ற குழாயின் சிவப்புத் தலையில் வண்டியின் உறிஞ்சு குழாயை மாட்டினாள். நெம்புகோலை இழுத்தாள். பம்ப் உறுமியது. இன்னொரு முறை இழுத்தாள். மாட்டிய இடத்தைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, மறுபடியும் இழுத்தாள்.

"ஐனா! தண்ணி!" ரேடியோவில் கார்னெட் கத்தினான்.

"ஏறல."

"காத்து உள்ள போகுதா பாரு!"

"காத்து இல்ல. சேறு," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மாடியில் அவன் கையிலிருந்த குழாய் துவண்டு தொங்கியது. இறங்குங்கள் என்று மற்றவர்களை விரட்டிவிட்டுக் கடைசியாக இறங்கினான். அடுத்த நிலையத்தின் தண்ணீர் லாரி வர இருபத்திரண்டு நிமிடம் ஆகும். மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிமேல் ஓடி, பனிக்கட்டியை அறுத்தார்கள். முழங்கால் ஆழக் கனம். துளை விழுந்து முதல் தண்ணீர் வந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டது. ராய் கம்பளி போர்த்திக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். ஐனா பம்ப்பை விட்டு நகரவில்லை. எரிந்து முடிந்த வீட்டின்மேல் கடைசிவரை சரியான அழுத்தத்தில் தண்ணீர் கொடுத்தாள்.

விசாரணைக்கு மார்ச்சில் பர்செல் வந்தார். கத்துவார், தன்மேல் பழி போடுவார் என்று கார்னெட் எதிர்பார்த்தான். உண்மையைச் சொன்னால், அதைத்தான் விரும்பினான். ஒரு மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே, உன்னால்தான் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஊரோ பிராந்தியத்தைத் திட்டியது, அவன் தோளைத் தட்டியது. பர்செல் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசினார். சாட்சியாக ஐனா ஓரத்து நாற்காலியில் இருந்தாள்.

"பராமரிப்புப் பிரிவு நவம்பர்ல 'சோதிச்சாச்சு, நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்கு. அது அவங்க தப்பு, அத நாங்க பாத்துக்கறோம். ஒங்க நிலையத்துலேர்ந்து யாரும் அந்தக் குழாயத் தொடலையே, கேப்டன்?"

"தொடல. இவ தொடப் போனா. நான்தான் தடுத்தேன்."

"கடிதத்துல இருந்தபடி."

"கடிதம் கெடக்குது! அடைச்சிருக்கும்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் தடுத்தேன். நீங்க அவமானப்படணும்னு. எழுதிக்கங்க அத."

பர்செல் பேனாவை நிறுத்தினார். அவர் முகத்தில் வந்தது இரக்கம். கார்னெட்டுக்கு அதுதான் தாங்கவில்லை.

"மனசுல நெனச்சதெல்லாம் அறிக்கைல வராது, கேப்டன். நடந்தத மட்டும்தான் எழுத முடியும். விதி இருந்துச்சு, நீங்க அதன்படி நடந்தீங்க. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. சொல்லப்போனா, பாராட்டுக் கடிதமே வரும்."

தாளைத் திருப்பி ஐனாவிடம் தள்ளினார். 'நிலையம் 43-இன் கேப்டன் எல்லா வகையிலும் விதிகளின்படியே நடந்துகொண்டார்.' கீழே சாட்சிக்கு ஒரு கோடு. காப்பி கொண்டுவருகிறேன் என்று பர்செல் வெளியே போனார்.

"கையெழுத்துப் போடாத ஐனா," என்றான் கார்னெட். "நான்தான் காரணம்னு சொல்லு. சொல்லித் தொலை."

"சொல்லி? ஒன்ன தண்டிச்சா எங்கம்மா போட்டோ திரும்பி வருமா?" அவள் தாளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அந்தக் கடிதத்த நான் படிக்கக்கூட இல்ல கார்னெட். அவங்க எவ்ளோ எழுதியிருந்தாலும் நான் போயிருப்பேன். சாவி கையில இருந்துச்சு. எறங்குன்னு நீ சொன்ன. நீ சொன்னா ஏதோ காரணம் இருக்கும்னு எறங்கினேன்."

பிறகு பேனாவை எடுத்து, கோட்டின்மேல் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.