ஃபேன் சத்தம் வரும் இடம்

தேர்வுக்கு இன்னும் நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வு. இன்று வெள்ளிக்கிழமை, மணி எட்டரை. பெலிண்டா இன்னொரு முறை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் இட்லித் தட்டை எடுத்து வந்தாள்.

"அடியே, மாவு பொங்கி வழியுது. தட்டைக் கொண்டா இங்க" என்று அம்மா லூர்துராணி கத்தினாள்.

"தோசை ஊத்தும்மா."

"நேத்தும் தோசைதான். அந்த டப்பாவுக்கு இட்லித் தட்டு, நமக்கு தினம் தோசையா?"

டப்பா என்று அம்மா சொன்னது லேப்டாப்பை. டோனி மாமா பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கி, அவர் மகன் பயன்படுத்தி, பிறகு இவளிடம் வந்தது. பேட்டரி செத்துவிட்டது. சார்ஜர் வயர் லேசாக ஆடினாலும் அணைந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலே அதன் ஃபேன். ரெக்கார்டிங் தொடங்கி ஒன்பதாவது நிமிடத்தில் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பிக்கும். இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்தால், அடியில் காற்று ஓடி, பதினைந்து நிமிடம்வரை சத்தம் போடாது. இது போன வாரக் கண்டுபிடிப்பு. இயற்பியல் படித்ததற்கு இதுவாவது ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

பீரோ கதவு இரண்டையும் திறந்து, அம்மாவின் புடவைகளுக்கு நடுவே காலர் மைக்கைத் தொங்கவிட்டாள். தலையை உள்ளே நுழைத்துக்கொண்டால் தஞ்சாவூர் ரோட்டு பஸ் இரைச்சல் பாதியாகிவிடும். நாஃப்தலின் வாசனையில் மூக்கு மட்டும் அரிக்கும்.

இந்த ரெக்கார்டிங் சித்தார்த்தனுக்காக. அவருக்குக் கண் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இருக்கிறார். ஒரு கம்பெனியில் ஏழு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். போன வருடம் அங்கே 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று பேசும் ரெக்கார்டிங்கை வைத்துவிட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த அரசுத் தேர்வு. பள்ளிப் புத்தகங்களிலிருந்து கேள்வி வரும் என்பதால், பத்தாம் வகுப்பு அறிவியலைப் படித்து ரெக்கார்டு செய்து தர யாராவது உண்டா என்று தன்னார்வலர் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டிருந்தார். பெலிண்டா கையைத் தூக்கினாள். முகம் காட்டாமல் செய்யக்கூடிய உதவி. அவளுக்கு அதுதான் வசதி.

புத்தகமும் வீட்டிலேயே இருந்தது. அவள் பத்தாவதில் படித்த புத்தகம், சிவப்பு மையில் கோடு போட்டு, ஓரமெல்லாம் குறிப்பு எழுதியது. அறிவியலில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கிக் கொடுத்த புத்தகம். அட்டையைத் தட்டி, தூசியை ஊதிவிட்டு, இரண்டு மாதத்தில் எட்டுப் பாடங்களைப் படித்து அனுப்பினாள். குழுவில் சித்தார்த்தன் குரல் செய்தி போட்டார்: "பெலிண்டா மேடம் மாதிரி நிதானமா படிக்க ஆளே இல்லைங்க." அதை அவள் பதினோரு முறை கேட்டாள்.

ஒரு படத்தை எப்படி வார்த்தையில் சொல்வது என்று தெரியாமல் இணையத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. புத்தகம் மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் படித்துக் கொடுத்த எட்டில் மூன்று பாடங்கள் புதியதில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் வேறு மூன்று பாடங்கள்.

இது நடந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். புது மூன்றையும் ரெக்கார்டு செய்து, 'இதெல்லாம் எக்ஸ்ட்ரா' என்று கொடுத்துவிட்டால் போதும். ஆனால் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஒரு நாள் கரண்ட் போகும், ஒரு நாள் டப்பா உறைந்து நிற்கும். இரண்டுதான் முடிந்திருந்தது. மூன்றாவது இரண்டு தடவை பாதியில் செத்துப்போனது. அதற்காகத்தான் இன்று லீவு.

சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். நான்காவது நிமிடத்தில் பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக் கேட்டுக்கொண்டு வேன் வந்தது. நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். குக்கர் விசில். நிறுத்தினாள்.

"அம்மா, கொஞ்ச நேரம் அடுப்பை அணைச்சு வையேன்!"

"இந்த வீட்ல மூச்சு விடலாமா, அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?"

பதினாறாவது நிமிடத்தில் ஃபேன் இரைந்தது. லேப்டாப்பை அணைத்து, இட்லித் தட்டைக் கழுவித் துடைத்து ஆறவிட்டு, வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அப்போது போன் வந்தது.

"மேடம், எட்டாவது பாடமும் மனப்பாடம் ஆயிடுச்சு! இனிமே ரிவிஷன் மட்டும்தான்" என்றார் சித்தார்த்தன்.

பெலிண்டா நடப்பதை நிறுத்தினாள். "சாயங்காலம் நேர்ல வரேண்ணா. ஒரு பென் டிரைவ் தரணும்."

"நேர்லயா? நீங்களா?" அவர் சிரித்தார். "அப்ப மழை வரும் போலிருக்கே."

மூன்றாவது பாடம் மூன்றரை மணிக்கு முடிந்தது. அதை ஒரு கோப்பாக மாற்ற டப்பா இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்ததைப் பார்த்தபடி, சார்ஜர் வயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பஸ் காந்தி மார்க்கெட்டில் ஊர்ந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் காவிரிப் பாலம் முடிவதற்குள் மூன்று விதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும் 'எக்ஸ்ட்ரா' என்ற வார்த்தை இருந்தது.

சித்தார்த்தனின் அக்கா பானுப்ரியா வாசல் அறையில் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. தினம் உங்க குரல்தான் எங்க வீட்ல. ஓம் விதி எனக்கே அத்துப்படி ஆயிடுச்சு" என்றவர், மிஷினை நிறுத்தாமலேயே உள்ளே கை காட்டினார்.

சித்தார்த்தன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பென் டிரைவ் செருகும் சின்ன ரேடியோ.

"நேர்ல உங்க குரல் இவ்வளவு சின்னதா? ரேடியோவுல கம்பீரமா இருக்கீங்களே."

"மைக் பக்கத்துல வச்சிருப்பேண்ணா."

"சரி, ஒரு வேடிக்கை கேளுங்க." பொத்தானைத் தடவி அழுத்தினார். பெலிண்டாவின் குரல் எட்டாவது பாடத்தைப் படித்தது. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஃபேன் இரைய ஆரம்பித்தது. உடனே அவர் விரலை உயர்த்தி, குரலோடு சேர்ந்து, ஒரு சொல் பிசகாமல் அடுத்த பத்தியைச் சொன்னார். "ஃபேன் வந்தா இந்தப் பத்தி. ஆறாவது பாடத்துல உங்க அம்மா 'குழம்புக்கு உப்பு போட்டியாடி'ன்னு கேப்பாங்க, அங்க மூணு வித்தியாசம் வரும். மூணாவதுல லாரி ஹாரன். எல்லாத்துக்கும் அடையாளம் வச்சிருக்கேன்."

அவர் சொன்ன மூன்று, ஆறு, எட்டு. புதிய புத்தகத்தில் இல்லாத அதே மூன்று.

"இதுல எக்ஸ்ட்ரா மூணு பாடம் இருக்கு" என்று பென் டிரைவை அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைச் செருகி அரை நிமிடம் கேட்டார். முகம் சுளித்தார். "சத்தமே இல்லியே. யாரோ வேற ஆள் படிக்கிற மாதிரி இருக்கு. வேணாங்க, பரீட்சைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது புதுசா எதையும் உள்ள ஏத்தினா இருக்கிறதும் குழம்பிடும். எட்டையும் திருப்பித் திருப்பிக் கேட்டாலே போதும்."

"இது முக்கியம்ணா."

"யார் சொன்னா?"

அவர் பென் டிரைவை உருவி, துண்டால் துடைத்து, பத்திரமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பாஸ் பண்ணிட்டு அடுத்த பரீட்சைக்கு வாங்கிக்கறேன். மொத சம்பளத்துல உங்களுக்கு ஒரு நல்ல லேப்டாப். ஃபேன் மட்டும் சத்தம் போடணும், சொல்லிட்டேன்."

பானுப்ரியா கொடுத்த காபியை நாக்கு சுடக் குடித்தாள். போயிட்டு வரேன் என்றாள். வாசலில் ஒரு செருப்பை மாட்டினாள். இன்னொரு செருப்புக்குள் கால் நுழையவில்லை. கட்டிலில் அவர் எட்டாவது பாடத்தை மறுபடி முதலிலிருந்து போட்டிருந்தார். அவளுடைய குரல் நிதானமாக, அடித்துச் சொல்வதுபோல் படித்துக்கொண்டிருந்தது. மணி ஐந்தரை. இன்னும் நாற்பது மணி நேரம். மூன்று பாடத்துக்கு அது தாராளம், இப்போதே தொடங்கினால்.

ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தாள். "அண்ணா, அந்தப் பாடமெல்லாம்..." மிஷின் ஓட்டத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

"போகலியா நீங்க? ஒண்ணும் கேக்கலைங்க. மைக் வேணுமா?" என்று சித்தார்த்தன் சிரித்தார்.

பானுப்ரியா மிஷினை நிறுத்தினார். பெலிண்டா எட்டிப்போய் ரேடியோவை அணைத்தாள். அவளுடைய சத்தம் அறையிலிருந்து போயிற்று.

"நான் படிச்சுக் கொடுத்தது என்னோட பழைய புத்தகம்ணா. புத்தகம் மாறிப் பல வருஷம் ஆச்சு. மூணு, ஆறு, எட்டு, இந்த மூணும் இப்ப பாடத்துலயே கிடையாது. பன்னெண்டு நாளா எனக்குத் தெரியும்."