பாம்புப் பெண்ணின் முழங்கால்

அம்மாவின் முழங்கால்களைப் பற்றி யார் கேட்டாலும் ‘வாதம்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் விதி. அதை யாரும் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. அப்பா கடைப்பிடித்தார், அம்மா கடைப்பிடித்தாள், அவர்களைப் பார்த்து மகனும் கடைப்பிடித்தான். மருமகளாக வந்தவளுக்கு மட்டும் அது விதி என்பதே தெரியாது. வாதம் என்றே நம்பி, நாள் தவறாமல் எண்ணெயைச் சூடாக்கி மாமியாரின் முட்டிகளில் தேய்த்துவிட்டாள்.

இப்போது சவப்பெட்டியின் மூடி மூடவில்லை.

“இன்னொரு தடவை வச்சுப் பாரு” என்றார் பெட்டி கொண்டுவந்தவர்களில் மூத்தவர்.

“எத்தனை தடவை வச்சாலும் முட்டி இடிக்குதுண்ணே. அளவு கேக்கும்போது உயரத்த மட்டும் கேட்டீங்க. மடங்கியிருக்கான்னு கேக்கலையே” என்றான் இளையவன்.

“எல்லாம் இப்ப சொல்லு. அப்ப வண்டியில உக்காந்து கொட்டாவி விட்டுட்டு இருந்தே.”

மலர்வளையத்தோடு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். “வாதம் இப்படியா ஆளைச் சுருட்டிப் போட்டுரும்? எங்க சித்திக்கும் வாதம்தான். போன மாசம் கல்யாணத்துல ஆடிட்டு வந்தாங்க.”

“ஆளுக்கு ஆள் மாறும்மா” என்றார் அப்பா. “வெளியில நாற்காலி போதுமா? யாராவது நின்னுட்டு இருக்காங்களா பாரேன்.”

அவள் பார்க்கப் போனாள். அப்பாவுக்கு இந்த வித்தை ஒருநாளும் தவறியதில்லை.

மூத்தவர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். “ரெண்டு வழிதான் சார். முட்டிய அமுக்கிப் பட்டையால கட்டலாம். சத்தம் வரும், வீட்டு ஆளுங்க பக்கத்துல இருக்க வேண்டாம். இல்லேன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலாம். ஆனா கால் மடங்கியிருக்கிறது வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்.”

“அமுக்குங்க” என்றார் அப்பா. “நேராத்தான் இருக்கணும். இல்லேன்னா ஆளாளுக்குக் கேப்பாங்க.”

“மாமா, எலும்பு முறிஞ்சிரும்” என்றாள் மருமகள். “ஒருக்களிச்சே வச்சா என்ன? அத்தை தூங்கினதே அப்படித்தானே? என்னங்க, நீங்க சொல்லுங்களேன்.”

மகன் சன்னலைப் பார்த்தான். “அப்பா சொல்றபடியே செய்யட்டும்.”

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டபோது அவனுக்கு உண்டானது துக்கமல்ல, ஆறுதல். வெளியே போவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அவன் பாடம் நடத்தும் கல்லூரியின் துறைத்தலைவி வந்திருந்தார். மனித உடலும் விலங்குடலும் கலந்த உருவங்களைப் பற்றி அவன் எழுதிய நூலை வெளியீட்டு மேடையில் மனமாரப் புகழ்ந்தவர். பாம்புப் பெண், மீன் பெண், பறவையுடல் கொண்ட பெண் எனக் காவியத்திலும் சிற்பத்திலும் ஓவியத்திலும் இருப்பவர்களைத் தேடித் தொகுத்து, ‘ஒரு சமூகம் தன் அவமானத்தை இடுப்புக்குக் கீழேதான் ஒளித்துவைக்கிறது’ என்று அதில் அவன் எழுதியிருந்தான். அந்த வரியை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அது பொருட்காட்சித் திடலின் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து வந்தது. உள்ளே ஒரு மேசை. அதன்மேல் பஞ்சடைத்துச் செதில் வரைந்த பாம்புடல் சுருண்டு கிடக்கும். சுருளின் உச்சியில் அம்மாவின் தலை இருக்கும். மேசைக் கால்களுக்கிடையே சாய்த்துப் பொருத்திய கண்ணாடிகள் பக்கத்துத் திரையைக் காட்டி, அடியில் ஒன்றுமில்லை என்று பார்ப்பவர்களை நம்பவைக்கும். அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால், ஒரு பெட்டிக்குள், அம்மா கால்களை மடக்கி உட்கார்ந்திருப்பாள். வெளியே மைக்கில் அப்பாவின் குரல் திடலையே கூப்பிடும். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். உனக்கு ஏன் கால் இல்லை? பெற்றவள் பேச்சைக் கேட்காததால் இப்படி ஆனேன் என்று அம்மா சொல்வாள். கூட்டத்திலிருக்கும் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

மகனுக்கு நல்ல பள்ளியில் இடம் கிடைத்ததும் அப்பா கொட்டகையை விற்றுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். விதி அன்று தொடங்கியது. யாருக்காகத் தொடங்கியது என்பது அவனுக்குத் தெரியும்.

நூல் அச்சாகி வந்த வாரம் அம்மா அதைப் படுக்கையில் வைத்துப் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கல்லில் செதுக்கிய ஒரு பாம்புப் பெண்ணின் படத்தில் விரலை வைத்து, “கொடுத்து வச்சவ. இவளுக்கு முட்டி வலிக்காது” என்று சிரித்தாள். அறையில் வேறு யாருமில்லை. இருந்தும் அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கி மூடினான். அவள் சிரிப்பு பாதியில் நின்றது. அதன்பிறகு அவள் அந்தப் புத்தகத்தைக் கேட்கவேயில்லை.

“உங்க முன்னுரைய வகுப்புல அடிக்கடி வாசிச்சுக் காட்டுவேன்” என்றார் துறைத்தலைவி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு. “‘அம்மா சொன்ன கதைகளே என் முதல் பாடநூல்.’ எவ்வளவு அழகான வாக்கியம். அவங்களை ஒருதடவை நேர்ல பார்த்திருக்கணும். விட்டுட்டேன்.”

அவன் தலையாட்டினான். அம்மா அவனுக்கு ஒரு கதையும் சொன்னதில்லை. கொட்டகை மூடியதும் அப்பாவை இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாக இழுத்து நீட்டிவிடச் சொல்வாள். வெந்நீர் குடிப்பாள். தூங்கிவிடுவாள்.

“முதல்ல சொன்னது எந்தக் கதை, ஞாபகம் இருக்கா?”

“பாம்புப் பொண்ணு கதை மேடம்.” வாய் தானாகச் சொன்னது. பொய் இவ்வளவு எளிதாக வந்ததில் காது மடல்கள் சுட்டன.

“அது எப்படி முடியும்?”

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நனைந்த கயிறு முறுக்கேறுவது போன்ற, பெரிதாகச் சொல்ல முடியாத சத்தம். அதையடுத்து மனைவியின் குரல். “ஐயோ, நிறுத்துங்க! நிறுத்துங்கன்னா!”

அவன் உள்ளே போனான். பின்னால் துறைத்தலைவியும், அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவும் வந்து நிலைப்படியில் நின்றார்கள்.

மனைவி பெட்டியருகே மண்டியிட்டு, அம்மாவின் முட்டிகள்மேல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்திருந்தாள். அவற்றுக்குமேல் மூத்தவரின் கைகள் அந்தரத்தில் நின்றன.

“கைய எடும்மா.”

“எடுக்க மாட்டேன். இந்த முட்டி எனக்குத் தெரியும். இதுக்கு மேல நீளாது.”

“அவர் வேலைய அவர் பார்க்கட்டும்மா” என்றார் அப்பா. சொல்லும்போது அவர் பெட்டியைப் பார்க்கவில்லை.

“விடுங்கண்ணே” என்றான் அவன். “ஒருக்களிச்சே வைங்க.”

“டேய், கேப்பாங்கடா.”

மூத்தவர் அப்பாவையும் மகனையும் மாறிமாறிப் பார்த்தார். மருமகள் அதற்குள் அம்மாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்துவிட்டாள். இளையவன் இடுப்பைப் பிடித்தான். மூத்தவரும் சேர்ந்துகொள்ள, மூவரும் மெல்லப் புரட்டினார்கள். முட்டிகள் இரண்டும் பெட்டியின் அடிப்பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன. அளந்து செய்ததுபோல் இடம் போதுமானதாக இருந்தது.

“அடப் பாவமே” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. “என்னதான் ஆச்சு இவங்க காலுக்கு?”

அப்பா வாயைத் திறந்தார்.

“வாதம் இல்லக்கா” என்றான் அவன்.

சுவரில் சாய்ந்திருந்த மூடியைப் பார்த்தபடியே பேசினான். யாருடைய முகத்தையும் பார்த்துச் சொல்லும் திராணி அவனுக்கு இல்லை. “பொருட்காட்சியில பாம்புப் பொண்ணுன்னு காட்டுவாங்களே, தலை மட்டும் மனுஷியா. அது எங்கம்மா. மேசைக்கு அடியில பெட்டிக்குள்ள மடங்கி உக்காந்து உக்காந்து இப்படி ஆச்சு. அப்பா வெளியில டிக்கெட் வித்தார். அதுலதான் நான் வளர்ந்தேன்.” அப்படியே தொடர்ந்தான். “கதையெல்லாம் சொல்லல மேடம். வீட்டுக்கு வரும்போது அவங்களுக்குப் பேசத் தொண்டை இருக்காது.”

மனைவி நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் எண்ணெய் வாசனை ஊறிக் கிடந்த மாலைப் பொழுதுகளுக்கெல்லாம் அந்தப் பார்வை அவனிடம் கணக்குக் கேட்டது. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

அப்பா எழுந்து வந்தார். போர்வையின் நுனியைப் பிடித்து அம்மாவின் மடங்கிய கால்கள்மேல் இழுக்கத் தொடங்கினார்.

“மூடாதீங்கப்பா” என்றான். “தெரியட்டும்.”