டி செல்லுக்கு மீசை வைத்த கதை

1

இந்தக் கதை என் அதிகப்பிரசங்கித்தனத்தில் பிறந்தது. அண்ணிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்ததும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழம், போர்வை, தெரிந்த டாக்டரின் நம்பர். எழுத்தாளன் கையில் என்ன இருக்கும்? தைரியம் வரட்டும் என்று ஒரு கதை எழுதிக் கொடுத்தேன்.

முதல் வரி: "ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவல்காரன் டி செல், தன் மீசையை..."

(டி செல் என்பது நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணு; அதற்கு மீசை கிடையாது. தெரியும். எடுக்க மனசு வரவில்லை.)

2

அதில் வைரஸ் திருட்டுத்தனமாக நுழைகிறது. கர்ப்பப்பை வாயில் சில செல்கள் கெட்டுப் புற்றாகின்றன. டி செல் பாய்கிறான். மூன்றாம் பக்கத்தில் புற்று காலி, சுபம். படித்துவிட்டு அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள், திங்கட்கிழமை தொடங்கவிருந்த கதிர்வீச்சு சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக்கு போன் செய்துவிட்டார்.

"அதான் உள்ளேயே ஆள் இருக்கானே தம்பி, நீங்கதானே எழுதியிருக்கீங்க? அவன் பாத்துப்பான். நான் எதுக்குப் போய் சூடு வாங்கிக்கணும்?"

என்னை முழுசாக நம்பிய ஒரே வாசகி.*

* விமர்சகர்களில் ஒருவர் இதில் பாதி நம்பியிருந்தால் விருது வந்திருக்கும்.

3

என் மனைவி டாக்டர். திசுவை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது அவள் வேலை. கதையைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பெரும்பாலும் அந்த வைரஸை டி செல்லே வெரட்டிடும், அதுவரைக்கும் சரி. வெரட்ட முடியாம வருஷக்கணக்கா தங்கிட்டாதான் சிக்கல். புத்து வந்தப்புறம் உங்க மீசைக்காரங்க பாதிப் பேர் கட்டியைச் சுத்திக் கும்பலா நிப்பாங்க, உள்ள போகமாட்டாங்க. போனவங்க சண்டை போட்டுப் போட்டே ஓஞ்சு போயிடுவாங்க. 'சும்மா இரு'ன்னு புத்து செல் சொன்னா அடங்கிடுவாங்க. போதாததுக்கு, டி செல்லுலயே ஒரு கோஷ்டிக்கு மத்தவங்களை அடக்கறதுதான் வேலை."

"நம்ம குடியிருப்போர் சங்கம் மாதிரி."

"சிரிக்காதீங்க. அக்கா திங்கக்கிழமை போயே ஆகணும்."

4

இரண்டாம் முடிவு: டி செல் ஓய்ந்து சுவரோரம் சரிந்தான். புற்று மெல்ல

[இங்கே நிறுத்தினேன். அண்ணி இதையும் நம்பினால்? "எப்படியும் போகப்போறேன், எதுக்கு அலைச்சல்?" என்பார். சிகிச்சையில் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அண்ணியைப் பார்க்கும் டாக்டர் சொல்லியிருக்கிறார்.]

மூன்றாம் முடிவு: கதிர்வீச்சில் புற்று சிதைகிறது. சிதறலை மோப்பம் பிடித்து டி செல் மறுபடி எழுகிறான். மனைவி எட்டிப் பார்த்து, "சில சமயம் அப்படியும் நடக்கும்" என்றாள். 'சில சமயம்' என்று முடியும் கதையை எவன் படிப்பான்?

உண்மையில் பயந்துபோயிருந்தேன். அண்ணிக்கு ஏதாவது ஆனால் அது என் மூன்றாம் பக்கத்தால்தான்.

5

ஞாயிற்றுக்கிழமை வெறுங்கையோடு போனேன்.

"அது பொய் அண்ணி. நீங்க சந்தோஷப்படணும்னு ஜெயிக்க வெச்சேன். நிஜத்துல அவன் தனியா சமாளிக்க மாட்டான்."

அண்ணி என் கதைத்தாள்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. அந்தக் கதையில நான் எங்க தம்பி? மூணு பக்கத்துலயும் தேடினேன்."

இல்லை. சண்டை நடந்த இடம் மட்டும் அவருடையது.

"பயமா இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்க கதையில ஒருத்தன் தைரியமா இருந்தான். அவனைப் புடிச்சுக்கிட்டேன்."

"நாளைக்கு நான் கூட வர்றேன்" என்றேன்.

"வாங்க. பேனாவை வெச்சுட்டு வாங்க."

6

வைத்துவிட்டுத்தான் வந்தேன். இதை ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். சிகிச்சை அறைக் கதவு மூடியிருக்கிறது, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. உள்ளே டி செல் எழுந்தானா இல்லையா, எனக்குத் தெரியாது.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஜெயிக்க வையுங்கள், தோற்க வையுங்கள், உங்கள் இஷ்டம். ஆனால் சிகிச்சை முடியும்வரை எங்கள் அண்ணி கண்ணில் காட்டாதீர்கள். அவர் நம்பிவிடுவார்.